நாற்பது வயதில் ஆட்டம் பழக எந்தப் பள்ளி?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 921இல் வெட்டப்பட்டது. முப்பது குடும்புகளாக (வட்டங்களாக) பிரிந்திருந்த ஊரிலிருந்து வாரியங்களுக்கு (நிர்வாகக் குழுக்களுக்கு) ஆள் எடுப்பது எப்படி என்று விரிவாகச் சொல்லும் அந்தக் கல்வெட்டு, வயதுக்கும் வரம்பு வைத்தது: 35க்கு மேல், 70க்குக் கீழ். ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் நம்பி ஒப்படைக்க அந்த வயதுக்காரரே தகுந்தவர் என்று ஊர் நினைத்தது. இன்று அதே ஊரில், அதே வயதில் இருக்கும் ஒருவர் ஆட்டம் கற்றுக்கொள்ளக் கிளம்பினால் பெரும்பாலான கதவுகள் மூடியிருக்கின்றன. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பரதநாட்டியப் பிரிவில் சேர வயது 12 முதல் 25 வரை. சவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கானது. தனியார் வகுப்புகளில் வயது வரம்பு எழுதி ஒட்டியிருக்காது. ஆனால் மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், பெற்றோர் வாசலில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள்.

வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆட ஆசை வந்தால் எங்கே போவது? அதிலும் தனியாக மேடையேறும் ஆட்டமாக இல்லாமல், இன்னொருவரோடு சேர்ந்து ஆடும் ஜோடி ஆட்டமாக இருந்தால்? இந்தக் கேள்வியைப் பலரும் ஒரு பொழுதுபோக்குச் சங்கதியாகத் தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வயதானவர்களின் உடலும் தனிமையும் நம் கிராமங்களில் நாளுக்கு நாள் பெரிதாகி வரும் பிரச்சினைகள். அவற்றுக்கு மருந்துக் கடையில் மட்டும் பதில் இல்லை.

2003இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதப்பட்டது. படிப்பது, பலகை ஆட்டங்கள், இசைக்கருவி வாசிப்பது ஆகியவற்றோடு மறதி நோய் குறைந்து காணப்பட்டது. உடலுழைப்புள்ள பொழுதுபோக்குகளில் அப்படிக் காணப்பட்டது நடனம் ஒன்றில்தான். நடைப்பயிற்சியிலும் நீச்சலிலும் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆடியதால் மறதி வராமல் இருந்ததா, நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள்தான் ஆடப் போனார்களா என்பதை இத்தகைய ஆய்வு அறுதியிட முடியாது. ஆனால் 2009இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆய்வாளர்கள் பார்க்கின்சன் நோயாளிகளுக்கே ஜோடி நடனம் கற்பித்துப் பார்த்தார்கள். டாங்கோவும் வால்ட்ஸும் பழகியவர்களின் உடல் சமநிலை முன்னைவிட மேம்பட்டது. எதிரே நிற்பவரைக் கவனித்துக்கொண்டே தாளத்தையும் காலையும் ஒன்றாகப் பிடிப்பது மூளைக்கும் வேலை, உடம்புக்கும் வேலை.

சினிமா டூயட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு ஜோடி ஆட்டம் என்றால் ஒத்திகை பார்த்து மனப்பாடம் செய்த அசைவுகள் என்ற எண்ணம் இருக்கிறது. உண்மையில் சல்சா, வால்ட்ஸ், டாங்கோ, ஜைவ் எல்லாம் வேறு வகை. அடிப்படை அடிகளும் சைகைகளும் இருவருக்கும் தெரிந்திருந்தால் போதும். முன்பின் பார்த்திராத இருவர் முதல் பாட்டிலேயே சேர்ந்து ஆடலாம். ஒருவர் வழிநடத்துவார், மற்றவர் அதை உணர்ந்து தொடர்வார். ஆகவே இதைக் கற்பிக்கும் பள்ளியின் தரத்தை ஆண்டு விழாவில் எத்தனை பாட்டுக்கு ஆடினார்கள் என்பதை வைத்து அளக்கக் கூடாது. அங்கே பயின்ற ஒருவர், அறிமுகமில்லாத இன்னொருவரோடு, தெரியாத ஒரு பாட்டுக்கு ஆட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

வயது தாண்டிவிட்டதா?

பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் 1925இல் காஞ்சிபுரத்தில், ஓர் அம்மன் கோயிலில் நடந்தது. அப்போது அவருக்கு வயது ஏழு. குரு கந்தப்பப் பிள்ளையின் கண்டிப்பில் வளர்ந்த பிள்ளை. ஆட்டம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்ற நம்பிக்கைக்கு இந்த மாதிரி வாழ்க்கைகளே ஆதாரம். ஆனால் பத்தே ஆண்டுகள் கழித்து, 1935 இறுதியில், அடையாறில் முதல் முறையாகச் சதிர் (இன்றைய பரதநாட்டியம்) ஆடிய ருக்மிணி தேவிக்கு வயது 31. அதற்கு முன் அவர் லண்டனில் பாலே பழகியிருந்தார். சொந்த நாட்டு நடனத்தைத் தேடும்படி ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா அவரிடம் சொன்னார். 1933இல் சென்னை மியூசிக் அகாதமியில் சதிர்க் கச்சேரி பார்த்த பிறகு மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்கத் தொடங்கினார். அவரது செல்வமும் செல்வாக்கும் மற்றவர்களுக்குக் கிடையாது, உண்மைதான். அந்தக் கலையைப் பரம்பரையாகக் காத்த குடும்பங்கள் அதன் பின் ஓரங்கட்டப்பட்டதையும் மறக்க முடியாது. ஆனால் முப்பது வயது உடலால் அடவு பிடிக்க முடியும் என்பதற்கு இதைவிட நம் பக்கத்துச் சான்று வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ந. முத்துசாமி சென்னையில் 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் நடிகர்கள் கூத்துக் குடும்பங்களில் பிறந்தவர்கள் அல்லர். வளர்ந்த பிறகு, தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து கூத்தின் அடவையும் குரலையும் பெற்றார்கள். புரிசை, உத்திரமேரூருக்கு மேற்கே செய்யாறு வட்டாரத்தில் இருக்கிறது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் ஒரு கிராமத்து ஆசிரியரிடம் அடவு பழகினார்கள் என்பதை இந்தக் கேள்விக்கு நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். கலைக்காக நகரத்தை நோக்கித்தான் பயணம் இருக்கும் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சான்றாகத் தெரிவது இலங்கையின் மட்டக்களப்பு. அங்கே வடமோடி, தென்மோடி என்னும் இரு பாணிக் கூத்துகளை ஆடுகிறவர்கள் விவசாயிகளும் மீனவர்களும். ஊர் கூடிக் கூத்துப் போட முடிவு செய்ததும் வெற்றிலை வைத்து, கூத்து ஆசிரியரான அண்ணாவியாரை அழைப்பார்கள். அவர் ஊருக்கு வந்து ஆட்களைப் பார்த்து, உடல்வாகும் குரலும் பொருந்தப் பாத்திரங்களைப் பகிர்ந்து, அவரவர் பாட்டை எழுதிக் கையில் தருவார். சட்டம் கொடுத்தல் என்று அதற்குப் பெயர். வயலிலும் கடலிலும் வேலை முடித்து வந்தவர்களுக்கு இரவில் களரியில் ஆட்டம் பழக்குவார். மாதக்கணக்கில் வெறும் காலோடு ஆடித் தாளக்கட்டு நிலைத்த பிறகுதான் சதங்கை அணி விழா. அதன் பின் முழுக் கூத்தையும் அடுக்குப் பார்த்து (ஒத்திகை பார்த்து), கடைசியில் அரங்கேற்றம். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். அந்த மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பிற்காலத்தில் அதன் முதன்மையான ஆய்வாளரானார். இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மாணவர்கள் எல்லாரும் பெரியவர்கள். வகுப்பு நேரம் அவர்களின் வேலை நேரத்துக்கு ஏற்ப அமைந்தது. இடம் அவர்கள் ஊர். ஆசிரியர்தான் பயணப்பட்டு வந்தார். சதங்கை கட்டும் நாள், அடுக்குப் பார்க்கும் நாள் என்று நடுவழியில் தேர்வுகளும் இருந்தன. வயதுவந்தோருக்கான நடனப் பள்ளிக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது.

உத்திரமேரூரை உள்ளடக்கிய தொண்டை மண்டலத்திலும் இதே முறை இருந்தது. கூத்து வாத்தியாரை ஊருக்கு வரவழைத்து, இளைஞர்களும் நடுவயதுக்காரர்களும் ஒரு நாடகத்தை மாதக்கணக்கில் பழகி, கோயில் திருவிழாவில் அரங்கேற்றுவார்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கும் இந்த மக்களுக்கு ஆட்டம் அந்நியமானதில்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி பிரைனும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் 2020 வரை செயல்பட்டது. ஆண்களே ஆடிவந்த கூத்தை அங்கே பெண் பிள்ளைகளும் கற்றார்கள். அது பெரிய சாதனை. ஆனால் அந்தக் குருகுலமும் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிதான். நம் காலத்து நல்ல முயற்சிகள்கூடப் பெரியவர்களைப் பார்வையாளர் வரிசையிலேயே விட்டுவிட்டன.

எந்த ஆட்டத்தில் தொடங்குவது?

இந்த வட்டாரத்தில் ஜோடி ஆட்டம் கற்க விரும்புகிறவருக்கு என் முதல் பரிந்துரை கோலாட்டம். இதைச் சொன்னால் பள்ளிக்கூட ஆண்டு விழா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் நன்றாக ஆடப்படும் கோலாட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆட்கள் இரட்டைப் படையில் இருக்க வேண்டும். எதிரெதிர் வரிசையாகவோ, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டமாகவோ நின்று, தன் கோலை எதிராளியின் கோலோடு தட்டி, குனிந்து, சுழன்று, அடுத்த ஆளிடம் நகர வேண்டும். ஒரு பாட்டு முடிவதற்குள் எல்லாரோடும் எல்லாரும் ஆடியிருப்பார்கள். பின்னல் கோலாட்டத்தில் உச்சியிலிருந்து தொங்கும் கயிறுகளின் நுனியை ஆளுக்கொன்றாகப் பிடித்து, உள்ளும் வெளியுமாக நுழைந்து ஆடிச் சடை பின்னுவார்கள். பிறகு அதே ஆட்டத்தைத் தலைகீழாக ஆடிப் பின்னலை அவிழ்ப்பார்கள். ஒருவர் ஒரு முறை இடம் மாறினாலும் பின்னல் சிக்கிக்கொள்ளும். தவறு எங்கே என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் விரல் நீட்டத் தேவையில்லை.

வெளிநாட்டு ஜோடி நடனத்துக்குப் போக விரும்புகிறவருக்கும் கோலாட்டம் பாதி வழியைக் கடக்க வைக்கும். இன்னொருவரின் தாளத்தோடு தன் தாளத்தை இணைப்பது, எதிரில் இருப்பவருக்கும் தனக்கும் நடுவே சரியான தூரம் காப்பது, ஆள் மாறினாலும் ஆட்டம் மாறாமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் இதில் வந்துவிடும். கும்மியிலும் கோலாட்டத்திலும் அதிகம் கேட்கும் திஸ்ர நடையில் காது ஊறியவருக்கு வால்ட்ஸின் மூன்று எண்ணிக்கை சிரமம் தராது. சல்சாவுக்கு எட்டு எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்றில் கால் வைத்து நான்கில் நிறுத்த வேண்டும். ஐந்து, ஆறு, ஏழில் வைத்து எட்டில் நிறுத்த வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது அந்த நிறுத்தத்தில்தான். சும்மா நிற்கப் பயந்து அங்கேயும் ஓர் அடி வைத்துவிடுவார்கள். ஆதி தாளம் போடத் தெரிந்தவர் அந்த இடத்தைச் சுலபமாகப் பிடித்துக்கொள்வார். கோலாட்டம் தராதது ஒன்று உண்டு. கைப்பிடியின் வழியாக எடையைப் பகிர்ந்து, பேசாமலே வழிநடத்துவதும் தொடர்வதும் அதில் கிடையாது. அதற்கு சல்சா, டாங்கோ மாதிரி வகுப்புகள்தான் வேண்டும்.

கோலாட்டத்துக்கு இங்கே இன்னொரு வலுவும் இருக்கிறது. கோல்தான் கோலைத் தொடுகிறது, கை கையைத் தொடுவதில்லை. ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடினால் அடுத்த நாள் டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்ற பயம் கிராமத்தில் பொய்யில்லை. அதன் சுமை பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. அந்தப் பயத்தை உதறிவிட்டு வா என்று நகரத்திலிருந்து சொல்வது எளிது. பெண்ணோடு பெண், ஆணோடு ஆண் ஜோடி சேர்ந்தே எந்த நடனத்தையும் முழுமையாகக் கற்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. புவனஸ் அயர்ஸில் பழைய காலத்தில் ஆண்கள் ஆண்களோடுதான் டாங்கோ பழகினார்கள். அப்படிப் பழகினால் வழிநடத்துவது, தொடர்வது இரண்டும் ஒருவருக்கே கைவரும்.

வால்ட்ஸ், ஜைவ் எல்லாம் தமிழ்நாட்டுக்குப் புதியவையும் அல்ல. பரங்கிமலை, பெரம்பூர், அரக்கோணம் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக அவற்றை ஆடிவந்தன. பெரும்பாலானோர் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை; கிறிஸ்துமஸ் நடனத்தில் அத்தையும் மாமாவும் கையைப் பிடித்து இழுத்துக் கற்பித்ததுதான். அரக்கோணம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர். அந்தத் தலைமுறை குறைந்து வருகிறது. அவர்களிடம் கற்கும் வாய்ப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பறையாட்டமும் ஒயிலாட்டமும் ஜோடி ஆட்டங்கள் அல்ல; குழு ஆட்டங்கள். ஆனால் பெரியவர்களை மனமார வரவேற்கும் வகுப்புகள் இன்று பறையில்தான் அதிகம். சென்னையில் மணிமாறனும் மகிழினியும் நடத்தும் புத்தர் கலைக்குழு, அலங்காநல்லூரில் 2025இல் பத்மஸ்ரீ பெற்ற வேலு ஆசான் போன்றவர்களிடம் வேலைக்குப் போகிற ஆண்களும் பெண்களும் பறை கற்றிருக்கிறார்கள். கூச்சத்தை உடைக்க அதற்கு நிகரான ஆட்டம் இல்லை.

ஆசிரியரை எடைபோடுவது

ஒரு பள்ளியில் சேரும் முன் ஒரு வகுப்பை முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். பார்க்க விடாத இடத்தில் சேர வேண்டாம். பார்க்கும்போது முன் வரிசையில் நன்றாக ஆடுகிறவரைப் பார்க்கக் கூடாது. கடைசியில் தடுமாறிக்கொண்டு நிற்பவரைப் பாருங்கள். ஆசிரியர் அவரிடம் எத்தனை முறை போகிறார், என்ன சொல்கிறார், அவர் தவறியபோது மற்றவர்கள் சிரித்தால் என்ன செய்கிறார்? நீங்களும் சில மாதம் அந்த இடத்தில்தான் நிற்கப் போகிறீர்கள்.

ஜோடி ஆட்ட வகுப்பில் சில நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றி ஆடவைக்க வேண்டும். ஒரே ஆளோடு பழகினால் இருவரும் ஒருவர் தவறை மற்றவர் மூடி மறைத்துப் பழகிவிடுவார்கள். வேறொருவரோடு ஆடும்போதுதான் ஒன்றும் கற்கவில்லை என்று தெரியும். கணவன் மனைவியாகச் சேர்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வீட்டுச் சண்டை பாதி ஆட்டத்துக்குள் வந்துவிடும். மாற்றி ஆட விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தாமல் தனியே ஆடவிடும் பக்குவமும் ஆசிரியருக்கு வேண்டும்.

பெரியவர்களின் உடம்பைப் பற்றி ஆசிரியர் கேட்கிறாரா என்பது அடுத்த அளவுகோல். காஞ்சிபுரம் பக்கம் குழித்தறியில் பல ஆண்டுகள் உட்கார்ந்து நெய்த ஒருவரின் இடுப்பும் முழங்காலும், நாற்று நட்டுக் குனிந்தே பழகிய ஒருவரின் முதுகும், ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முழுக்க நின்ற ஒருவரின் குதிகாலும் ஒன்றல்ல. எல்லாரையும் முதல் நாளே அரைமண்டியில் உட்காரச் சொல்லும் ஆசிரியர் பிள்ளைகளுக்கு மட்டுமே பழக்கப்பட்டவர். சிமென்ட் தரையிலும் டைல்ஸ் தரையிலும் ஓங்கித் தட்டி ஆடினால் அதிர்ச்சி நேராக முழங்காலுக்கு ஏறும். மரப்பலகைத் தரை இங்கே கிடைப்பது அரிது. அதனால் தட்டும் வேகத்தைக் குறைத்துப் பழக்கத் தெரிந்தவர் வேண்டும். சுழற்சி நிறைந்த சல்சாவை ரப்பர் அடிப்பாகம் வைத்த ஷூவோடு ஆடினால் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ள, உடம்பு திரும்ப, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். வழுக்கித் திரும்பும் தோல் அடிப்பாகமே நல்லது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு ஆடவே கூடாது. சிறு கொப்புளமும் தெரியாமல் புண்ணாகிவிடும். இதையெல்லாம் முதல் வகுப்பிலேயே கேட்டறியும் ஆசிரியர் கிடைத்தால் ஆட்டம் எதுவாக இருந்தாலும் சேர்ந்துவிடலாம்.

தொட்டுத் திருத்துவது நடன வகுப்பில் தவிர்க்க முடியாதது. கேட்டுவிட்டுத் தொடுகிறாரா, எல்லார் முன்னிலையில் தொடுகிறாரா என்று கவனியுங்கள். 2023இல், ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்ராவில் மாணவிகள் பாலியல் தொல்லைக்கு எதிராகப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. பெயர் பெற்ற நிறுவனம் என்பதே காப்பு ஆகிவிடாது. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய இடங்களைப் பற்றிய புகார்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. இதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லும் பள்ளியை நான் அதிகம் நம்புவேன்.

பணம் பற்றி ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 51 வயது விதவை ஒருவர், ஆர்தர் மர்ரே நிறுவனத்தின் பெயரில் நடந்த ஒரு நடனப் பள்ளியில் அரை மணி நேர வகுப்புகள் எட்டு என்று 14.50 டாலர் கட்டிச் சேர்ந்தார். உங்களுக்கு அபாரத் திறமை என்று புகழ்ந்து புகழ்ந்து, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பட்டங்களை ஆசைகாட்டி, ஒன்றரை ஆண்டுக்குள் 14 ஒப்பந்தங்களில் மொத்தம் 2,302 மணி நேர வகுப்புகளை விற்றுவிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடினாலும் தீர ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். அவர் கட்டிய தொகை 31,090 டாலர். உண்மையில் அவருக்குத் தாளம் பிடிபடவே சிரமமாக இருந்தது என்பது அவர் தரப்பு வாதம். 1968இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்யக் கூடாது, விசாரிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இது பாடமாக இருக்கிறது. தனிமையில் இருக்கும் பெரியவர்களின் ஆசைதான் இந்தத் தொழிலின் முதலீடு. நம் ஊரில் தொகை சிறியதாக இருக்கும்; முறை ஒன்றுதான். மாதக் கட்டணமாகக் கேட்கும் இடத்துக்குப் போங்கள். ஆண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்டால், சான்றிதழையும் போட்டியையும் முதல் வாரமே பேசினால், வந்த அன்றே உங்களை வானளாவப் புகழ்ந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

பஸ்ஸும் நேரமும்

இவ்வளவு அளந்து பார்த்த பிறகும் உத்திரமேரூர்க்காரருக்கு முடிவைச் சொல்வது பஸ்தான். காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சல்சாவும் பால்ரூமும் முறையாகக் கற்பிக்கும் சென்னை அதற்கும் மூன்று மடங்கு தூரம். உத்திரமேரூருக்கு ரயில் இல்லை. பெரியவர்களுக்கான வகுப்பு நகரத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் தொடங்கும். முடித்து பஸ் ஏறி உத்திரமேரூர் வந்தாலும், அங்கிருந்து தன் கிராமத்துக்கு எப்படிப் போவது? 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. ஆனால் இரவு ஒன்பதரைக்கு அந்தப் பேருந்தே இல்லாதபோது கட்டணம் ஒரு பொருட்டில்லை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் தொழிலாளிக்குக் குறிப்பிட்ட கிழமையில் வகுப்பு என்பதே பொருந்தாது. நடனம் கற்பதில் திறமையைவிடத் தொடர்ச்சி பெரிது. மாதம் ஒரு முறை மிகச் சிறந்த ஆசிரியரிடம் போவதைவிட, வாரம் இரு முறை நடுத்தரமான ஆசிரியரிடம் நடந்து போய்க் கற்பது அதிகம் தரும்.

ஆகவே இந்த ஆய்வில் நான் வந்து சேரும் முடிவு, பள்ளியைத் தேர்ந்தெடுப்பது கிராமத்துக்குச் சரியான வழி இல்லை என்பதே. மட்டக்களப்பு மாதிரி, நம் ஊர்க் கூத்து வாத்தியார் காலம் மாதிரி, ஆசிரியரைத்தான் ஊருக்கு அழைக்க வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்தால் நான்கு ஜோடி. ஒரு கோலாட்டத்துக்கு அது போதும். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் ஏற்கெனவே பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை வாரந்தோறும் கூடுகிறார்கள். சமுதாயக் கூடம் கல்யாணம், காதுகுத்து இல்லாத நாளில் காலியாகத்தான் கிடக்கிறது. பஸ் செலவும் சம்பளமும் சேர்த்து ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டியதை எட்டுப் பேர் பகிர்ந்தால், ஒருவர் சென்னை போய்வரும் செலவைவிடக் குறையும். நேரத்தையும் நீங்களே குறிக்கலாம். நடவு, அறுப்புக் காலத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாம். ஆண்டுக்கொரு முறை, கால் பழகிய பிறகு, சென்னையிலிருந்து சல்சாவோ வால்ட்ஸோ தெரிந்த ஒருவரை இரண்டு நாள் பயிற்சிக்கு வரவழைக்கலாம்.

அழைக்கும்போது ஒன்றில் உறுதியாக இருங்கள். பறையாட்டக்காரருக்கும் கூத்து வாத்தியாருக்கும் கையில் கிடைத்ததைக் கொடுத்து அனுப்புவதும், சென்னையிலிருந்து வரும் நடன ஆசிரியருக்குச் சம்பளம் பேசிக் கொடுப்பதும் நம்மிடம் ஊறிப்போன அநீதி. கற்பிக்கிற எல்லாருக்கும் ஒரே மதிப்பு, ஒரே நாற்காலி, முன்கூட்டிப் பேசிய சம்பளம். ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆட்கள் வரக்கூடிய பொது இடத்தில் வகுப்பு நடக்க வேண்டும். ஒரு தெருவுக்கு மட்டும் என்று தொடங்கினால் ஜோடி மாற்றி ஆடுவதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

அரசுக்கும் இதில் பங்குண்டு. கலை பண்பாட்டுத் துறை சில இடங்களில் வயதுவந்தோரும் சேரக்கூடிய பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்களைத் தொடங்கியிருக்கிறது. அதை மாவட்டத் தலைநகரோடு நிறுத்தாமல் உத்திரமேரூர் போன்ற வட்டத் தலைநகரங்களுக்கும் கொண்டுவர வேண்டும். கோலாட்டத்தையும் கும்மியையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். இசைப்பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்கு 25 வயது வரம்பு இருக்கட்டும்; அதே கட்டடத்தில் சனி, ஞாயிறுகளில் வரம்பில்லாத வகுப்பு நடத்தத் தடையேதும் இருக்கத் தேவையில்லை. ஊராட்சிகள் சமுதாயக் கூடத்தை வாரம் இரண்டு மாலை இலவசமாகத் திறந்துவிட கிராமசபையில் ஒரு தீர்மானம் போதும். அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போகும்போது, உங்களோடு ஆட விரும்பும் இன்னும் ஏழு பேரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய் அந்தத் தீர்மானத்தைக் கேளுங்கள்.